கூண்டு ஏறியது யாருக்காக?

இதுவரை அளவெடுக்கப்பட்ட வெப்பமண்டலப் புயல்களில் மைய அழுத்தம் மிகவும் கீழே போனது 1979 அக்டோபரில், மேற்குப் பசிபிக்கில் சுழன்ற ‘டிப்’ சூறாவளியில்தான்: 870 மில்லிபார். அதற்குப் பலியானவர்கள் ஏறத்தாழ நூறு பேர். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால், 1970 நவம்பர் 12 இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் மேக்னா முகத்துவாரத்தில் ஒரு புயல் கரையேறியது. அதன் மைய அழுத்தம் 960 மில்லிபாரை ஒட்டித்தான் இருந்தது. கடும் புயல்களின் பட்டியலில் அதற்கு முன்வரிசை கிடையாது. ஆனால் அதில் மாண்டவர்கள் மிகக் குறைந்த கணக்கிலேயே 2 லட்சத்து 24 ஆயிரம். பொதுவாகச் சொல்லப்படுவது 3 லட்சத்திலிருந்து 5 லட்சம்வரை. உலகில் அதிக உயிர்களைக் கொண்டுபோன புயல் என்று உலக வானிலை அமைப்பின் ஏட்டில் பதிவாகியிருப்பதும் அதுதான். டிப் தன் உச்சத்தில் நடுக்கடலில் இருந்தது, 1970 புயலோ மக்கள் நெருங்கி வாழ்ந்த கழிமுகத்தில் விழுந்தது என்று சொல்லிக் கடந்துவிடலாம். அது பாதி விளக்கம்தான். போலா புயல் என்று பின்னாளில் பெயர்பெற்ற அந்தப் புயலில் மக்கள் செத்தது புயல் வருவது தெரியாமல் அல்ல என்பதற்குச் சான்று இருக்கிறது. வந்த எச்சரிக்கை நூறாண்டுகளாகக் கப்பல்களிடம் பேசிப் பழகியது. அதைக் காதில் வாங்கிய குடியானவர் எங்கே போய் ஏறிக்கொள்வது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கவில்லை.

முதலில் நிலத்துக்கும் கடலுக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிடலாம். வங்கக் கடல் வடக்கே போகப்போகப் புனலாகக் குறுகுகிறது. மேக்னாவின் வாய்க்கு வெளியே வெகுதூரம் ஆழமற்ற சேற்றுத்தளம். ஆழ்கடலில் காற்று தள்ளும் நீருக்கு அடியில் திரும்பி ஓட வழியுண்டு. ஆழமில்லாத இடத்தில் அந்த வழி அடைபட்டு நீர் மேலே ஏறுகிறது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 1970 புயலின் அழுத்தக் குறைவால் மட்டும் உயர்ந்தது அரை மீட்டர் அளவே. மீதி அத்தனையும் காற்று தள்ளிக்கொண்டுவந்து குவித்த நீர். மறுநாள் பௌர்ணமி, கடல் தானாகவே பொங்கி நிற்கும் ஏற்றவேளையும் புயல் கரையைத் தொட்ட வேளையும் நள்ளிரவை ஒட்டி ஒன்றாக அமைந்தன. முகத்துவாரத்தில் நீர் 10 மீட்டர்வரை எழுந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஏறத்தாழ 95 கிலோமீட்டர் கிழக்கே இருந்த சிட்டகாங் வானிலை நிலையத்தில், காற்றுமானி பிய்த்தெறியப்படுவதற்குமுன் பதிவான வேகம் மணிக்கு 144 கிலோமீட்டர்; ஆனால் அந்தத் துறைமுகத்தில் நீர்மட்டம் முகத்துவாரத்தைப்போல ஏறவில்லை. ஒரே இரவில், ஒரே கரையில், காற்று எல்லோருக்கும் அடித்தது; கடல் சிலரிடம் மட்டும் வந்தது. அந்தச் சிலர் யார் என்பதில் இயற்கையின் பங்கு முடிந்து மனிதர்களின் கணக்கு தொடங்குகிறது. போலா, ஹாதியா, மன்புரா தீவுகளும் அவற்றைச் சுற்றிய திட்டுகளும் ஆறு கொட்டிய வண்டல். ஓரிடத்தில் அரித்ததை இன்னோரிடத்தில் ஆறு மேடாக்கும்போது, நிலமற்றவர்களும் நிலத்தை ஆற்றுக்குக் கொடுத்தவர்களும் அங்கே குடியேறினார்கள். நவம்பர் நெல் அறுவடைக் காலம் என்பதால் வெளியூர்க் கூலியாட்களும் வந்திருந்தார்கள். 1960களில் எழுந்த கரையணைகளும் வயலுக்குள் உப்புநீர் ஏறாமல் காக்கப் போடப்பட்டவை. இப்படியொரு கடலைத் தடுக்க அல்ல.

செத்தவர்களின் கணக்கு எப்படி வந்தது என்பதே நம் வாதத்துக்கு முதல் சான்று. டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் சாமர், வைலி மோஸ்லி என்ற இரு மருத்துவர்கள் புயலுக்குப் பின் இரண்டு முறை கள ஆய்வு நடத்தினார்கள். வீடுவீடாகப் போய், புயலுக்கு முன் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று கேட்டுத் திரட்டியது அது. பாதித்த பகுதியில் 100க்கு 16.5 பேர் இறந்திருந்தார்கள்; தஜுமுத்தீன் வட்டாரத்தில் அது 45ஐத் தொட்டது. கேட்டுச் சொல்ல ஓர் ஆளாவது மிஞ்சிய வீடுகள்தான் இந்த முறையில் கணக்கில் வரும். அடியோடு அழிந்த குடும்பங்களும் அறுவடைக்கு வந்துபோகும் கூலிகளும் இதில் விடுபட்டுவிடுகிறார்கள். எனவே 2 லட்சத்து 24 ஆயிரம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு என்பதில்தான் கருத்துவேறுபாடு. எண்ணிக்கையைவிட முக்கியமானது அதன் பகுப்பு. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கான பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இறந்தவர்களில் பாதிக்கு மேல். அதிகம் பிழைத்தவர்கள் 15 முதல் 49 வயதுவரையான ஆண்கள். பிழைத்தவர்கள் பலரின் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் தோல் வழன்று கிடந்ததை மருத்துவர்கள் பார்த்தார்கள். மரத்தை இரவெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில் பட்டை உரசிய காயம் அது. ‘புயல் நோய்க்குறி’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு தீவில் உயிர்பிழைப்பதற்கான ஒரே கட்டமைப்பு மரம் என்றால், கையில் வலு உள்ளவர் மிஞ்சுவார். குழந்தையும் கிழவியும், குழந்தையைத் தூக்கிய தாயும் மிஞ்சமாட்டார்கள். வயதுவாரியான அந்தப் பட்டியல் வானிலையைக் காட்டவில்லை, அங்கே ஏறி நிற்க ஒரு சுவர்கூட இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

அவர்களுக்குத் தெரிந்திருந்ததா? புயலை அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் படம்பிடித்திருந்தன. அமெரிக்கச் சூறாவளி மையத்தின் நீல் ஃபிராங்க்கும் பாகிஸ்தான் வானிலைத் துறையின் ஹுசைனும் 1971இல் எழுதிய ஆய்வில் ஓர் ஒப்பீடு வருகிறது: அந்தப் பகுதி மக்களில் 100க்கு 90 பேருக்கு மேல் புயல் வருவதை அறிந்திருந்தார்கள், உறுதியான கட்டடத்தைத் தேடிப் போனவர்கள் 100க்கு ஒருவர். இந்த 90க்கும் 1க்கும் இடையே கிடக்கும் பள்ளத்தில்தான் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விழுந்தார்கள். புயல் நெருங்கியபோது வானொலி ‘பெரும் அபாயக் குறி’ என்று அறிவித்தது. அது தங்களுக்கு ஒன்றும் உணர்த்தவில்லை என்று பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள்; ‘1ஆம் எண்’ என்றால்தான் உச்ச ஆபத்து என்று நினைத்திருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். போதாக்குறைக்கு, சில வாரங்கள் முன்பு அக்டோபரிலும் ஒரு புயல் எச்சரிக்கை வந்து, பயந்த அளவுக்குச் சேதமில்லாமல் போயிருந்தது. அரசுக்கு இது புதுப்பாடமும் அல்ல. 1960 அக்டோபரில் இரண்டு புயல்கள் பல்லாயிரம் பேரைக் கொன்றபின் பாகிஸ்தான் அரசே அமெரிக்காவின் உதவியைக் கேட்டது. அந்நாட்டுச் சூறாவளித் துறையின் கார்டன் டன் வந்து பார்த்து 1961இல் அறிக்கை கொடுத்தார். அதன் பரிந்துரைகளில் பல காகிதத்தோடு நின்றன.

எண்ணைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்களைப் பார்த்துப் புன்னகைப்பதற்கு முன், அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கவேண்டும். நாகையிலும் கடலூரிலும் பாம்பனிலும் ‘3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ ஏற்றப்பட்டதாக ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் செய்தி படிக்கிறோம். துறைமுகக் கொடிமரத்தில் பகலில் கூம்பும் உருளையுமான உருவங்களும் இரவில் விளக்குகளும் ஏறும். மொத்தம் 11 நிலைகள். எண் கூடக்கூட ஆபத்து படிப்படியாகக் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் 5, 6, 7 மூன்றுக்கும் கடுமை ஒன்றே: புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு, 7 என்றால் துறைமுகத்தை ஒட்டியோ அதன் மேலேயோ. அதைவிடக் கடுமையான புயலுக்கு 8, 9, 10 அதே வரிசையில். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கப்பல் தலைவனுக்கு இது மிக நுட்பமான, பயனுள்ள மொழி. எந்தப் பக்கமாகப் புயல் போகும் என்று தெரிந்தால் எந்தத் திசையிலிருந்து காற்று திரும்பும், நங்கூரத்தை எடுத்து வெளியே ஓடுவதா உள்ளேயே கட்டிக்கிடப்பதா என்று அவன் முடிவெடுப்பான். குடிசையில் இருப்பவருக்கு அதில் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை.

இந்த மொழி கப்பலுக்காகப் பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. கல்கத்தாவில் கடல்சார் நீதிமன்றத்தில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன்தான் ‘சைக்ளோன்’ என்ற பெயரை உருவாக்கியவர். 1848இல் அவர் வெளியிட்ட கையேட்டோடு ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் வந்தன. மாலுமி அவற்றைக் கடல் வரைபடத்தின்மேல் வைத்து, புயலின் எந்தப் பாதியில் தன் கப்பல் சிக்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மாட்லா ஆற்றின் கரையில் கானிங் துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, கடல் ஒருநாள் உள்ளே வந்து இதை அழிக்கும் என்று 1853இல் தலைமை ஆளுநருக்கு எழுதி எச்சரித்தவரும் இவரே. கேட்பார் இல்லை. 1867 புயலில் துறைமுகம் அழிந்தது. பிடிங்டன் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் மாண்டதோடு துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் நொறுங்கின. மறுவருடமே, 1865இல், இந்தியத் துறைமுகங்களில் முதலாவதாகக் கல்கத்தாவில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. அடுத்த ஆண்டு, 1876 அக்டோபர் 31 இரவு, இதே மேக்னா முகத்துவாரத்தில் பாக்கர்கஞ்ச் புயல் ஏறத்தாழ 2 லட்சம் பேரைக் கொண்டுபோனது. பாதிப் பேர் வெள்ளத்தில், பாதிப் பேர் பின்வந்த நோயிலும் பட்டினியிலும். கப்பலும் சரக்கும் காப்பீட்டுக்காரரும் இருந்த இடத்துக்கு ஒரே ஆண்டில் எச்சரிக்கை வந்தது. 1876க்கும் 1970க்கும் இடையே 94 ஆண்டுகள் இருந்தும், அதே முகத்துவாரத்துக் குடியானவர்களுக்கு வந்தது அந்தக் கப்பல் எச்சரிக்கையின் வானொலி வடிவம் மட்டுமே.

இதற்கு எழும் முதல் மறுப்பு பழையது, இன்றும் அலுவலகங்களில் கேட்பது: மக்களே நகரவில்லை, எல்லாம் விதி என்று இருந்துவிட்டார்கள். சொல்ல எளிது. ஆனால் விதியை நம்புகிறவர் மரத்தை இரவெல்லாம் தோல் உரியக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார். நகராததற்கு நியாயமான கணக்கு இருந்தது. அறுக்க வேண்டிய நெல் வயலில்; மாடு கொட்டிலில்; வீட்டை விட்டுப் போனால் திரும்பும்போது எது மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதமில்லை. போவதானால் எங்கே? தீவில் ஓலைவீடுகளும் தகரக்கூரைகளும்தான். அடுத்த மேட்டுக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும், அதுவும் புயல்காற்றில். போக இடமில்லாதவரிடம் ‘அபாயம்’ என்று மட்டும் சொன்னால் அவர் காதில் வாங்கிக்கொண்டு அங்கேயேதான் இருப்பார். கரையோர மீனவர் 77 ஆயிரம் பேரில் 46 ஆயிரம் பேர் அன்று இறந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. கடலின் குணம் தெரியாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. பத்து மீட்டர் நீர் எழுந்தால் எந்த ஏற்பாடும் பலிக்காது. எச்சரிக்கை சரியாக இருந்திருந்தாலும் முடிவு இதுதான் என்பது. இதைச் சோதிக்க, கொடுமையாக, இன்னொரு புயல் வாய்த்தது. 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் அருகே கரையேறிய புயல் 1970இன் புயலைவிடக் காற்றில் கடுமையானது; நீர் ஆறு மீட்டர்வரை எழுந்தது; இறந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 38 ஆயிரம். அதற்குப் பின் நடந்த ஆய்வொன்று, மக்கள் அந்த இரவில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டது. செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தை அடையாதவர்களில் 100க்கு ஏறத்தாழ 22 பேர் இறந்திருந்தார்கள். அடைந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள். ஒரே புயல், ஒரே அலை, ஒரே ஊர். நடுவே ஒரு சுவரும் ஒரு மாடியும்தான் வேறுபாடு. இப்படித் துலக்கமான முடிவு சமூக ஆய்வில் அபூர்வம். அதே ஆய்வில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் 100க்கு 31 பேர் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. எச்சரிக்கையைக் கேட்டும் கணவனோ மகனோ சொல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத வீடுகளும், ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் அடையவேண்டிய புகலிடங்களும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஆனால் 1991 என் வாதத்துக்கு எதிராகவும் நிற்கிறது என்று சொல்லலாம். 1970க்குப் பின் புதிய நாட்டின் அரசும் செஞ்சிலுவைச் சங்கத்தின் அங்குள்ள அமைப்பும் சேர்ந்து ‘புயல் முன்னேற்பாட்டுத் திட்டம்’ என்ற தொண்டர் படையைத் தொடங்கிவிட்டன. 1991இல் தொண்டர்கள் மெகாபோனோடு ஓடினார்கள். எச்சரிக்கை வீட்டு வாசல்வரை போனது. அப்படியும் ஒரு லட்சத்துக்கு மேல் சாவு. உண்மை. நான் புரிந்துகொண்டவரை, இது எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கான சான்று: ஓடிப்போய்ச் சேர வேண்டிய கட்டடங்கள் அந்தக் கரையின் மக்கள்தொகைக்கு எந்தவகையிலும் போதவில்லை. அதன்பிறகுதான் தூண்கள்மேல் நிற்கும் புகலிடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. பல சாதாரண நாட்களில் பள்ளிக்கூடங்கள். 2007 நவம்பர் 15 அன்று ‘சித்ர்’ வந்தது. அதுவும் 1970ஐவிடக் கடுமையான காற்று. இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400. அங்கிருந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2008 மே 2இல் அதே வங்கக் கடலில் உருவான ‘நர்கிஸ்’ மியான்மரின் ஐராவதி கழிமுகத்தில் புகுந்தது. டெல்லியிலிருந்து இந்திய வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பியிருந்தது. இறந்தவர்களும் காணாமல்போனவர்களுமாக ஏறத்தாழ 1 லட்சத்து 38 ஆயிரம். செயற்கைக்கோளும் கணினியும் இரண்டு புயலுக்கும் பொது. தொண்டர் படையும் புகலிடமும்தான் ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லை.

இந்த ஒப்பீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. சித்ர் கரையேறியபோது கடல் வற்றுவேளையில் இருந்தது. அதன் வேகத்தில் ஒரு பகுதியைச் சுந்தரவனக் காடு வாங்கிக்கொண்டது. ஐராவதி முகத்துவாரத்தில் அப்படியொரு புயல் வாழ்நாள் நினைவில் இல்லாதது. அங்கே மக்கள் பயப்படவும் பழகியிருக்கவில்லை. ஆகவே 3 லட்சத்துக்கும் 3,400க்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் நிர்வாகத்தின் கணக்கில் எழுதுவது மிகை. பெரும்பகுதியை எழுதலாம் என்பதற்கு நம் பக்கத்துக் கரையே துணை. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமாவை விழுங்கிய புயலில் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 1990 மே மாதம் ஏறக்குறைய அதே வலுவோடு அதே கடற்கரைப் பகுதியில் ஏறிய புயலில் ஆயிரத்துக்கும் குறைவு. அதற்குள் புகலிடங்கள் கட்டப்பட்டிருந்தன, லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். கடலும் கரையும் மாறவில்லை. இடையில் 13 ஆண்டுகள்.

போலா புயல்தான் வங்கதேசத்தைப் பெற்றெடுத்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வங்காள மொழிக்கான போராட்டம் 1952இல், தன்னாட்சி கேட்ட ஆறு அம்சக் கோரிக்கை 1966இல்; நாடு கேட்டவர்கள் புயலுக்காகக் காத்திருக்கவில்லை. ஆயினும் நிவாரணத்தில் இஸ்லாமாபாத் காட்டிய மந்தம், அடுத்த மாதம் டிசம்பர் 7இல் நடந்த தேர்தலின் கோபத்தில் கலந்திருந்தது. புயல் அடித்த தொகுதிகளில் வாக்குப்பதிவையே ஜனவரிக்குத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. இங்கே அதைவிட நமக்கு வேண்டியது, தேர்தலுக்குப் பிறகு என்ன நடந்தது என்பது: தனக்கு வாக்களித்தவர்களிடம் பதில் சொல்லவேண்டிய அரசு ஒன்று டாக்காவுக்கே வந்தபின்தான் எச்சரிக்கை கிராமத்தை நோக்கித் திரும்பியது. தொண்டர் படையில் இன்று 76 ஆயிரம் பேர். பாதிப் பேர் பெண்கள். துறைமுகத்தின் 11 எண்கள் இன்னும் ஒழியவில்லை, ஆனால் கிராமத்தை அடையும்போது அவை மூன்று கொடிகளாகிவிடுகின்றன: 4ஆம் எண்ணுக்கு ஒரு கொடி, 5 முதல் 7வரை இரண்டு, 8 முதல் 10வரை மூன்று. வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைக் கப்பல்கள் பார்த்துக்கொள்ளட்டும். மூன்றாவது கொடி ஏறினால் எழுந்து போகவேண்டும். 1970இல் ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் மாடுகள் மூழ்கியதை நினைவில் வைத்து, ‘கில்லா’ என்ற உயர்ந்த மண்மேடுகளும் கால்நடைகளுக்காக எழுப்பப்பட்டன. மாட்டுக்கு இடம் கிடைத்தால்தான் மாட்டுக்காரர் கிளம்புவார் என்று யாருக்கோ புரிந்திருக்கிறது.

தீராமல் நிற்பது அக்டோபர் 1970இன் சிக்கல். வந்து பிசகிப்போகும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு: ஒரு நாள் கூலி, திறந்துகிடந்த வீடு, புகலிடத்துக்குப் போகவர ஆன செலவு. பல புயல்கள் விலகிப்போகும் கடற்கரையில் அந்த விலையை இன்றும் வெளியேறுகிற குடும்பமே கொடுக்கிறது. வெளியேறச் சொல்கிற அலுவலகம் கொடுப்பதில்லை. மாடிப் புகலிடம் கட்டுவதற்கு உலக வங்கியிடம் பணம் கிடைக்கிறது. பிசகிய எச்சரிக்கைக்காக ஒரு மீனவருக்கோ அறுவடைக் கூலிக்கோ மறுநாள் காலையில் அவர் இழந்த கூலியைக் கையில் கொடுக்கும் ஏற்பாடு, வங்கக் கடலைச் சுற்றிய எந்த நாட்டிலும் வழக்கமாகவில்லை.